தீம் பார்க்கும் நெர்டு மனசும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

தீம் பார்க் போலாம்னு பிளான் போட்டாலே கூட வர்றவங்க என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் இதே கேள்விங்கதான். பாதி ரைடு பத்தி, மீதி என்னை மாதிரி எதையும் நோண்டிப் பாக்குற ஆளுங்க பத்தி. எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வெச்சிருக்கேன்.

எல்லாத்துக்கும் கணக்கு பாத்துக்கிட்டே இருந்தா எப்படிங்க ஜாலியா இருக்கும்?

இருக்கும், ரொம்பவே இருக்கும். ஒரு விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுட்டா த்ரில் போயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா உடம்புல சிலிர்ப்பு வர்ற இடம் வேற, மண்டையில புரியுற இடம் வேற. காதுக்கு உள்ள மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, அதுக்குள்ள திரவம், தலை எந்தப் பக்கம் சுத்தினாலும் அந்த திரவம் அசையுறத வெச்சு மூளைக்கு தகவல் போகும், அது பக்கத்துலயே சின்னச் சின்ன கால்சியம் துகளோட ரெண்டு பை இருக்கு, மேல கீழ போறதையும் திடீர்னு வேகம் எடுக்குறதையும் அதுங்கதான் சொல்லும். இதுங்க எதுவும் நாம என்ன படிச்சிருக்கோம்னு கேட்டுட்டு வேலை செய்யறதில்ல. மேல தூக்கிட்டுப் போய் திடீர்னு கீழ விடுற டிராப் டவர்ல பிரேக் எப்படி பிடிக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும், ஆனா மேல போய் நின்னு கால் ரெண்டும் அந்தரத்துல தொங்கும்போது அடிவயிறு கலங்குறது கொஞ்சம் கூட குறையல. அப்போ எனக்கு ரெண்டும் கிடைக்குது, கத்துறதுக்கு கத்தலும் ஆச்சு, "அட, இப்ப எடையே தெரியலயே"ன்னு கவனிக்கிற சந்தோஷமும் ஆச்சு.

அந்த டிராப் டவர்ல விழும்போது கரண்ட் போயிட்டா என்ன ஆகும்?

பிரேக் பிடிக்கும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதுனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நிறைய ஃப்ரீ ஃபால் டவர்ல பிரேக்குக்கு கரண்டே தேவையில்ல. சீட்டுப் பக்கம் நிரந்தர காந்தம் இருக்கும், டவரோட கீழ்ப் பகுதியில செம்பு மாதிரி ஒரு உலோகத் தகடு நீளமா நிக்கும் (சில டிசைன்ல காந்தம் டவர்ல, தகடு சீட்டுல). காந்தம் அந்தத் தகட்டை ஒட்டி வேகமா போகும்போது தகட்டுக்குள்ள தானாவே சுழல் மின்னோட்டம் உண்டாகும், அந்த மின்னோட்டம் தனக்குன்னு ஒரு காந்தப்புலம் உண்டாக்கி வர்ற காந்தத்தை எதிர்க்கும், லென்ஸ் விதின்னு ஸ்கூல்ல படிச்சோமே அதேதான். எவ்வளவு வேகமா வர்றீங்களோ அவ்வளவு பலமா பிடிக்கும், வேகம் குறைய குறைய பிடியும் இளகும், அதுனாலதான் கடைசியில டக்குனு நிக்காம மெதுவா வழுக்கிட்டு இறங்குற மாதிரி இருக்கும். ஒண்ணோட ஒண்ணு உரசறது கிடையாது, தேய்மானமும் கிடையாது. 45 மீட்டர் தடையில்லாம விழ சுமார் 3 செகண்ட் ஆகும், அந்த முடிவுல வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரத் தாண்டியிருக்கும், அந்த வேகத்த தொடாமலே ஒரு தகடு வாங்கிக்குதுன்னா யோசிச்சுப் பாருங்க.

ரோலர் கோஸ்டர்ல முன்னாடி உக்காரலாமா பின்னாடி உக்காரலாமா?

எது வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. முன்னாடி உக்காந்தா எதிர்ல யாரும் இல்ல, காத்து நேரா மூஞ்சில அடிக்கும், ட்ராக் திடீர்னு காணாமப் போற மாதிரி தெரியும். சீட்ட விட்டு உடம்பு எழும்புற அந்த ஜிவ்வு வேணும்னா பின்னாடிதான். காரணம் இதான்: மொத்த ட்ரெயினும் ஒரே வேகத்துலதான் போகும், மேட்டோட உச்சிய ட்ரெயினோட நடுப்பகுதி தாண்டும்போதுதான் வேகம் ரொம்ப கம்மியா இருக்கும். முன் சீட்டு அதுக்கு முன்னாடியே உச்சிய தாண்டி மெதுவா எட்டிப் பாத்துட்டு நிக்கும். பின் சீட்டு உச்சிக்கு வரும்போது முன்பாதி ஏற்கனவே கீழ பாய ஆரம்பிச்சிருக்கும், அது இழுக்க இவங்க விருட்டுனு தாண்டுவாங்க. நடு சீட்டுக்காரங்க வருத்தப்பட வேண்டாம், பள்ளத்தோட அடியில அதிகபட்ச வேகத்துல போறது அவங்கதான்.

கோஸ்டர் தலைகீழா சுத்துற லூப் ஏன் முழு வட்டமா இல்லாம கண்ணீர்த் துளி மாதிரி இருக்கு?

முழு வட்டத்துல போட்டுப் பாத்தாங்க, கழுத்து வலியோட இறங்கினாங்க. 1895ல அமெரிக்காவுல கோனி ஐலண்ட்ல ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வேன்னு ஒண்ணு வந்துச்சு, அதோட லூப் சரியான வட்டம். வட்டத்துல சிக்கல் என்னன்னா, உச்சியில தலைகீழா இருக்கும்போது எடையே தெரியாத அளவுக்கு மட்டும் வேகம் வெச்சா கூட, உராய்வ விட்டுட்டு கணக்கு போட்டா அடியில நம்ம எடையப் போல 6 மடங்கு அழுத்தும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமா ஏறாது, நேர் ட்ராக்குல சாதாரணமா வந்துட்டு இருக்கவங்க மேல வட்டம் ஆரம்பிச்ச அந்த நொடியே மொத்தமா விழும். கழுத்து என்ன பண்ணும் பாவம்.

இத சரி பண்ணினவங்களில முக்கியமானவர் ஜெர்மனிக்காரர் வெர்னர் ஸ்டெங்கல். கோஸ்டர் கட்டுற ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கூட சேர்ந்து 1976ல கலிஃபோர்னியாவுல மேஜிக் மவுண்டன் பார்க்குல ரெவல்யூஷன்னு ஒரு கோஸ்டர் கொண்டு வந்தாங்க, அதுல இருந்தது க்ளோத்தாய்ட் வடிவ லூப். வேகம் அதிகமா இருக்க அடிப்பகுதியில வளைவோட ஆரம் பெருசு, அதுனால அழுத்தம் கம்மி, வேகம் குறையுற உச்சியில வளைவோட ஆரம் சின்னது, அதுனால கீழ விழாம சீட்டோட ஒட்டி இருப்போம், நடுவுல வளைவு படிப்படியா மாறும். இதே வளைவு ரயில் பாதையிலயும் ஹைவே ரோட்டுலயும் நேர்ப் பாதையில இருந்து திருப்பத்துக்கு போற இடத்துல இருக்கு, டிரைவர் ஸ்டியரிங்க சட்டுனு ஒடிக்காம மெல்ல திருப்பறதுக்கு அது வழி விடுது. கோஸ்டர் பக்கத்துல நின்னு லூப்ப சைடுல இருந்து ஒரு தடவ பாருங்க, யாரோ ஒருத்தர் நம்ம கழுத்தப் பத்தி எவ்வளவு கவலப்பட்டு கோடு போட்டிருக்கார்னு தெரியும். எனக்கு அத பாக்கும்போதெல்லாம் மனசு நெறஞ்சு போகும்.

மேல ஏறும்போது டக் டக் டக்குன்னு சத்தம் வருதே, செயின் பழசாயிடுச்சா?

இல்லங்க, அது நம்மள காப்பாத்துற சத்தம். ஏத்தத்துல ட்ராக் நடுவுல ரம்பப் பல் மாதிரி ஒரு பட்டை போகும், பெட்டிக்கு அடியில ஒரு இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லா தாண்டி விழுந்துக்கிட்டே வரும். செயினே அறுந்தாலும் நாக்கு பல்லுல மாட்டிக்கும், ட்ரெயின் பின்னாடி உருளாது. புது கோஸ்டருங்க சிலதுல இத சத்தமில்லாம பண்ணிட்டாங்க, எனக்கென்னவோ சத்தம் இருக்குறதுதான் பிடிச்சிருக்கு. அதே மாதிரி சக்கரத்தையும் பாருங்க, ட்ராக்குக்கு மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு மூணு விதமா கவ்விப் பிடிச்சிருக்கும். அந்த அடிச்சக்கரத்துக்கு பேட்டன்ட் வாங்கினவர் ஜான் மில்லர், 1919ல. அது வந்ததுக்கு அப்புறம்தான் தைரியமா செங்குத்தான மேடு பள்ளமெல்லாம் போட முடிஞ்சுது.

ஊஞ்சல் ராட்டினத்துல குண்டா இருக்கவங்க அதிகமா வெளிய வீசப்படுவாங்களா?

மாட்டாங்க, இதுக்கு நீங்க ஏறக்கூட வேண்டாம், கீழ நின்னு பாத்தாலே போதும். ராட்டினம் முழு வேகத்துல சுத்தும்போது ஒரே வரிசையில ஒரு சின்னக் குழந்த உக்காந்த சீட்டு, நல்லா வாட்டசாட்டமான ஒரு அப்பா உக்காந்த சீட்டு, யாருமே இல்லாம காலியா தொங்குற சீட்டு, இந்த மூணையும் தேடிப் பிடிச்சு செயின் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு பாருங்க. கிட்டத்தட்ட ஒரே கோணத்துல சாஞ்சிருக்கும். வேகமும் மையத்துல இருந்து இருக்க தூரமும்தான் கோணத்த முடிவு பண்ணுது, எடை ரெண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போயிடும். காலி சீட்டு மட்டும் காத்துல கொஞ்சம் பின்னாடி இழுபடும், அவ்வளவுதான். நோட்டுல சமன்பாடு எழுதி எடைய ரெண்டு பக்கமும் அடிச்சு விட்டிருப்போம், அதே விஷயம் இங்க சிரிச்சுக்கிட்டு தலைக்கு மேல சுத்துது.

ஜயன்ட் வீல் எல்லாம் சின்னப் பசங்களுக்குத்தானே?

யார் சொன்னா. 1889ல பாரிஸ்ல ஈஃபில் டவர் எழும்பினதும், அத மிஞ்சுற மாதிரி ஒண்ணு பண்ணணும்னு 1893 சிகாகோ கண்காட்சிக்கு ஜார்ஜ் ஃபெர்ரிஸ்னு ஒரு இன்ஜினியர் கட்டினதுதான் அந்தப் பெரிய சக்கரம், உயரம் சுமார் 80 மீட்டர், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். ஒரே நேரத்துல 2160 பேர் சுத்தலாம். கூட்டம் கம்மியா இருக்கும்போது ஆப்பரேட்டர் ஆளுங்கள எப்படி ஏத்துறார்னு கவனிங்க, வரிசையா அடுத்தடுத்த பெட்டியில ஏத்த மாட்டார், இங்க ரெண்டு பேர், பாதி சுத்து கழிச்சு எதிர்ப் பக்கம் ரெண்டு பேர்னு எடைய பிரிச்சு பிரிச்சு ஏத்துவார். அவர் கை அத தானா பண்ணும். பாக்கவே அழகா இருக்கும்.

க்யூல நிக்கிறதுதான் பாதி நாள், அத என்ன பண்றது?

நான் அத சுவாரசியமாவே பாக்குறேன். முதல்ல ஒரு ட்ரெயின்ல எத்தன சீட்டுன்னு எண்ணுங்க, அப்புறம் ஒரு ட்ரெயின் கிளம்பி அடுத்தது கிளம்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. 24 சீட்டு, ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா மணிக்கு 40 ட்ரெயின், 960 பேர். உங்களுக்கு முன்னாடி 320 பேர் இருந்தா 20 நிமிஷம். ஒரு வளைவுல எத்தன பேர்னு எண்ணி மொத்த வளைவோட பெருக்கினா போதும், போர்டுல போட்டிருக்க நேரத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம். இந்தக் கணக்குக்கு லிட்டில் விதின்னு பேரு, 1961ல ஜான் லிட்டில்ங்கிறவர் நிரூபிச்சது: வரிசையில நிக்கிறவங்க எண்ணிக்கைன்னா ஆள் வர்ற வேகமும் காத்திருக்க நேரமும் பெருக்கினது. கேக்க சாதாரணமாத்தான் இருக்கு, ஆனா ஆஸ்பத்திரில இருந்து கம்ப்யூட்டர் நெட்வொர்க் வரைக்கும் இதுதான் ஓடுது. இத ஒருத்தருக்கு சொல்லிக் குடுத்தீங்கன்னா அப்புறம் அவங்க எந்த க்யூலயும் சும்மா நிக்க மாட்டாங்க.

போன்ல ஜி ஃபோர்ஸ் அளக்க முடியுமா?

முடியும். ஜி ஃபோர்ஸ்னா நம்ம எடையப் போல எத்தன மடங்கு உடம்புல அழுத்துதுங்கிற கணக்கு. போன்லயே வேகம் மாறுறத அளக்குற ஆக்சிலரோமீட்டர் இருக்கு, ஃபைஃபாக்ஸ்னு ஜெர்மனியோட ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரங்க குடுக்குற இலவச ஆப் அத கிராஃபா போட்டுக் காட்டும். ஆனா கையில பிடிச்சுக்கிட்டு ஏறாதீங்க. ஜிப் போட்ட பாக்கெட்ல வெக்க அந்த பார்க் அனுமதிச்சா மட்டும்தான், இல்லன்னா லாக்கர்லயே இருக்கட்டும், பறந்து போற போன் கீழ இருக்கவங்க தலையில விழுந்தா உயிர் போற விஷயம். ஸ்மூத்தா போற ராட்டினத்துலயே அழகான கிராஃப் கிடைக்கும்.

ரைடு நடுவுல நின்னுடுச்சுன்னா ஏதோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா?

பெரும்பாலும் பாதுகாப்பு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ட்ராக்க பல பகுதியா பிரிச்சிருப்பாங்க, ஒரு பகுதியில ஒரு ட்ரெயின் மட்டும்தான் இருக்கலாம், ரயில்வே சிக்னல் மாதிரியேதான். முன்னாடி ஸ்டேஷன்ல ஒருத்தர் பெல்ட் மாட்ட லேட்டாச்சுன்னா கூட பின்னாடி வர்ற ட்ரெயின் தன் பகுதியோட முடிவுல நின்னுடும். பதறாம உக்காந்திருங்க, ஸ்டாஃப் சொல்ற வரைக்கும் பெல்ட்ல கை வெக்காதீங்க.

தலை சுத்துது, வாந்தி வருது, என்ன பண்ண?

காது ஒண்ணு சொல்லுது கண்ணு இன்னொண்ணு சொல்லுது, அந்தக் குழப்பம்தான் இது. சுத்துற ரைடுங்கள அடுத்தடுத்து ஏறாதீங்க, போற திசையப் பாருங்க, வெறும் வயித்துலயும் வேண்டாம் வயிறு முட்டவும் வேண்டாம். ஒத்துக்கலன்னா இறங்கி உக்காருங்க, யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல.

என் பையன் எதுலயும் ஏற மாட்டேங்கிறான், கீழ நின்னு அந்த மெஷினையே பாத்துட்டு இருக்கான். அவனுக்கு என்ன ஆச்சு?

ஒண்ணும் ஆகல. அவன் அவனோட ரைடுல ஏறிட்டான், உங்களுக்கு தெரியல அவ்வளவுதான். இந்தக் கேள்விய எழுதும்போதே எனக்கு தொண்டை கொஞ்சம் அடைக்குது, ஏன்னா இப்படி நிக்கிற குழந்தைங்கள ஒவ்வொரு பார்க்குலயும் பாக்குறேன், வேலிக் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, கப்பல் ராட்டினத்துக்கு அடியில ஒரு டயர் சுத்தி கப்பலோட வயித்துல உரசி உரசி தள்ளுறத கண்ணு இமைக்காம பாத்துக்கிட்டு, கப்பல் எந்தப் பக்கம் வரும்போது டயர் தள்ளுது, எப்ப விடுதுன்னு உதட்டுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டு. அப்ப அம்மாவோ அப்பாவோ வந்து "வாடா, இவ்வளவு தூரம் வந்துட்டு இங்கயே நிக்கிற"ன்னு கைய பிடிச்சு இழுப்பாங்க. ஊஞ்சல்ல சரியான நேரத்துல தள்ளினா சின்ன பலமே போதும்ங்கிறத அந்தக் குழந்த அங்க நின்னு தானா கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கு, அந்த அஞ்சு நிமிஷத்த குடுங்க. பக்கத்துல போய் குனிஞ்சு, "என்ன பாக்குற, எனக்கும் காட்டு"ன்னு கேளுங்க. வற்புறுத்தி ஏத்தவும் வேண்டாம், "இவன் இப்படித்தான்"னு நாலு பேர் முன்னாடி சொல்லவும் வேண்டாம். ஏறணும்னு தோணினா அவனே வந்து கேப்பான்.

அப்படி பாத்து பாத்து என்ன ஆகப் போகுது?

ஒண்ணும் ஆகலன்னாலும் பரவால்ல, அந்த சந்தோஷமே போதும். ஆனா ஸ்வீடன்ல ஆன்-மரீ பெண்ட்ரில்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் இருக்காங்க, அணு இயற்பியல்ல வேலை பாத்தவங்க, பல வருஷமா கோஸ்டர், ஊஞ்சல், ராட்டினம் இதுங்களோட இயற்பியல ஆய்வுக் கட்டுரையா எழுதிட்டு வர்றாங்க, யோத்தபோரி ஊர்ல லிசெபெரி பார்க்குக்கு மாணவர்கள கூட்டிட்டுப் போய் சொல்லிக் குடுத்திருக்காங்க. பெரிய பார்க்குங்க சிலதுல ஸ்கூல் பசங்களுக்குன்னே ஃபிசிக்ஸ் டே நடத்துறாங்க. எல்லா பார்க்குலயும் ஒவ்வொரு க்யூலயும் அந்த ரைடு எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு போர்டு வெக்கணும்ங்கிறது என் ஆசை.

நான் விளக்கம் சொன்னா ஃப்ரெண்ட்ஸ் "பிளேடு போடாத"ங்கிறாங்க. பேசாம இருந்துடவா?

பேசாம இருக்காதீங்க, ஆனா நேரம் பாத்து பேசுங்க. ஏத்தத்துல போயிட்டு இருக்கும்போது பயத்துல கண்ண மூடிட்டு இருக்கவங்ககிட்ட பேட்டன்ட் கதைய எடுக்கக் கூடாது, அப்ப அவங்க கைய பிடிச்சுக்கிட்டா போதும். க்யூலயோ இறங்கி உக்காந்து இளைப்பாறும்போதோ "அது ஏன் அப்படி ஆச்சுன்னு சொல்லட்டுமா"ன்னு ஒரு வார்த்த கேளுங்க, ரெண்டு வாக்கியத்துல சொல்லி நிறுத்துங்க. அவங்களா "அப்போ இது?"ன்னு திருப்பிக் கேட்டா தாராளமா தொடரலாம், போனப் பாக்க ஆரம்பிச்சா விட்டுடலாம். பயந்தவங்களுக்கு விளக்கம் நிஜமாவே உதவும், ஆனா அவங்க எத நினைச்சு பயப்படுறாங்கன்னு முதல்ல கேக்கணும், ஒருத்தருக்கு உயரம் பயம், ஒருத்தருக்கு பெல்ட் கழண்டுடுமோன்னு பயம். பெல்ட்ட பத்தி பயப்படுறவங்ககிட்ட உயரத்த பத்தி பேசினா இருக்க பயத்தோட இன்னொண்ணும் சேரும்.

"படிப்ஸ்"னு கூப்பிட்டு ஓட்டுறாங்க. எப்படி எடுத்துக்கிறது?

யார் சொல்றாங்கன்னு பொறுத்தது. கூடவே இருக்கவங்க பாசமா சொல்லி, அடுத்த ரைடுல "ஏய் இது எப்படி வேலை செய்யுது சொல்லு"ன்னு அவங்களே வந்து கேட்டா, அது உங்களுக்கு அவங்க குடுத்திருக்க இடம், வாங்கிக்கோங்க. மட்டம் தட்டுறதுக்குன்னே சொல்றவங்க இருந்தா "எனக்கு இது பிடிச்சிருக்கு"ன்னு நேரா சொல்லுங்க, அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. இன்னொண்ணு, மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நெர்டுன்னா ஃபர்ஸ்ட் ரேங்க்னு நினைக்கிறாங்க, எனக்குத் தெரிஞ்சு கோஸ்டர் சக்கரத்தோட சத்தத்த வெச்சே அது இரும்புச் சக்கரமா பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக் பூசினதான்னு சொல்ற ஆளுங்க ஸ்கூல்ல கணக்குக்கு பயந்தவங்க. ஒரு விஷயத்து மேல ஆசை வந்து, அது போற வழியெல்லாம் பின்னாடியே போறதுதான் இது. கிரிக்கெட் ஸ்கோர் பத்து வருஷத்துக்கு மனப்பாடமா சொல்றவங்களும் எனக்கு இந்த வகைதான்.

இருட்டினதுக்கு அப்புறம் அதே கோஸ்டர் இன்னும் வேகமா போற மாதிரி இருக்கே, பிரமையா?

பாதி பிரமை, பாதி நிஜம். இருட்டுல அடுத்த வளைவு தெரியாது, உடம்பு தயாராக முடியாது, அதுனால எல்லாமே திடீர்னு நடக்குற மாதிரி இருக்கும். ஆனா காலையில பேரிங்கும் கிரீஸும் குளிர்ந்து கிடக்கும், நாள் முழுக்க ஓடி சூடாகும்போது உராய்வு குறையும், அதுனால நிஜமாவே கொஞ்சம் வேகமா ஓடுற கோஸ்டர் நிறைய உண்டு. சந்தேகமா இருந்தா காலையில உள்ள நுழைஞ்சதும் முதல் ட்ரெயின் உச்சிய தாண்டினதுல இருந்து பிரேக் பகுதிக்கு வர்ற வரைக்கும் கீழ நின்னு ஸ்டாப் வாட்ச் போடுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி திரும்ப ஒரு தடவ போடுங்க. ஆள் எத்தன பேர் இருந்தாங்கன்னும் குறிச்சுக்கோங்க, காலி ட்ரெயினும் நெறஞ்ச ட்ரெயினும் ஒரே மாதிரி ஓடாது.